அப்பாவுக்கு மறுபடியும் நுரையீரல் பயாப்ஸி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு 67 வயது. வலது நுரையீரலின் ஓரத்தில் 2 செ.மீ. கட்டி. போன வாரம் சி.டி. ஸ்கேனில் பார்த்தபடி ஊசி மூலம் சதை எடுத்தார்கள். வெளி ஊசி சரியான இடத்துக்குப் போய்விட்டது. அதன் வழியாக உள்ளே விடும் ஸ்பிரிங் ஊசி (பயாப்ஸி கன்) அழுத்தியும் இயங்கவில்லை. வேறொன்று எடுத்து வரும்வரை, முதுகில் குத்திய ஊசியோடு, அசையாமல் குப்புறக் கிடந்தார் அப்பா. அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

கடைசியில் கிடைத்த துணுக்கு பரிசோதனைக்குப் போதவில்லையாம். நுரையீரலைச் சுற்றிக் கொஞ்சம் காற்றும் சேர்ந்துவிட்டது. இந்தப் பரிசோதனையில் இது அடிக்கடி வருவதுதான் என்றார் டாக்டர். நல்லவேளை, குழாய் போடாமலே சரியானது.

இப்போது மறுபடியும் எடுக்கவேண்டும். அப்பா "வேண்டாம்மா" என்கிறார். கட்டி ஓரத்தில் இருப்பதால் மூச்சுக்குழாய் வழியாக எட்டுவது கடினமாம்.

இரண்டாம் முறை செய்தவர்கள் எத்தனை நாள் இடைவெளி விட்டீர்கள்? மாற்று ஊசி கைவசம் இருக்கிறதா, எடுத்த சதை போதுமா என்று அங்கேயே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்களா என்றெல்லாம் முன்கூட்டியே கேட்டீர்களா? அப்புறம், பயந்திருப்பவரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறோம், அதற்குள் சொன்னால் பெரிய உதவி.