பர்ட்விசில் குடும்பப்பெயர்: லங்காஷயர் பக்கம் இருப்பவர்கள் உதவ முடியுமா?

எல்லோருக்கும் வணக்கம். பர்ட்விசில் என்ற அரிய ஆங்கிலக் குடும்பப்பெயரைப் பற்றித் தகவல் சேர்க்கிறேன். வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயரில் பர்ன்லி நகருக்கு மேற்கே, ஹாப்டன் பக்கம் இருந்து மறைந்துபோன குக்கிராமத்தின் பெயர் அது. பழைய ஆங்கிலத்தில் 'குஞ்சுப் பறவைகள் வாழும் ஆற்றுக்கவை' என்று பொருள் சொல்கிறார்கள். ஊர் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது! இசையமைப்பாளர் ஹாரிசன் பர்ட்விசில் பிறந்ததும் (1934) பக்கத்து அக்ரிங்டனில்தான். அமெரிக்காவில் எழுத்து கொஞ்சம் மாறி பேர்ட்விசில் என்றும் இருக்கிறது; உடல்மொழி ஆய்வாளர் ரே பேர்ட்விசில் ஓர் உதாரணம்.

இரண்டு உதவி வேண்டும். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தப் பெயர்க்காரர்கள் எந்தெந்த ஊர்களில் இருந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று ஒப்பிட நல்ல வரைபடம் தெரியுமா? அப்புறம், பிரெஸ்டனில் உள்ள லங்காஷயர் ஆவணக் காப்பகத்தில் பழைய தேவாலயப் பதிவேடுகளைப் பார்த்தவர்கள் யாராவது வழி சொல்லுங்களேன்.