இலவச கிரெடிட் ரிப்போர்ட்: ஓடிபி பழைய நம்பருக்கே போகிறது

நம் கடன் விவரங்களைச் சேர்த்து ரிப்போர்ட் தரும் நான்கு கடன் தகவல் நிறுவனங்களில் மூன்றிலிருந்து இந்த வருஷத்து இலவச ரிப்போர்ட் வந்துவிட்டது. நாலாவதில்தான் சிக்கல். பேன் எண்ணும் பிறந்த தேதியும் போட்டதும் ஓடிபி பழைய செல் நம்பருக்குப் போகிறது. கடைசி இரண்டு இலக்கம் 47 என்று திரையில் தெரிகிறது. அந்த சிம் 2019லேயே போய்விட்டது. பின்னால் போனால் மாதச் சந்தா பக்கம் வந்து நிற்கும். காசு கட்டினாலும் அதே ஓடிபிதான் கேட்கும்போல, அதனால் கட்டவில்லை. வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, 2017லிருந்து.

ஊர் ஈரோடு. சம்பளக் கணக்குள்ள வங்கியில் கேஒய்சி படிவம் கொடுத்து நம்பர் மாற்றி பத்து வாரம் ஆகிறது. வங்கிகள் இந்த நிறுவனங்களுக்கு 15 நாளுக்கு ஒருமுறையாவது தகவல் அனுப்பவேண்டும் என்று 2025 ஜனவரியிலிருந்து விதி. மற்ற மூன்றிலும் புது நம்பர் ஏறிவிட்டது. என் சந்தேகம், 2018ல் முடிந்த பைக் லோன் மேல். மூடிய கணக்கை யாரும் புதுப்பிப்பதில்லை, பழைய நம்பர் அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கடன் கொடுத்த கம்பெனிக் கிளையில் கேட்டால் "கணக்கே இல்லையே சார்" என்கிறார்கள். பேன், ஆதார் நகலில் கையெழுத்துப் போட்டு அந்த நாலாவது நிறுவனத்துக்கு மெயில் அனுப்பியதற்கு தானியங்கி பதில் மட்டும்தான்.

பழைய நம்பர் கையில் இல்லாமல் இலவச ரிப்போர்ட் வாங்கியவர்கள், எந்த வழியில், என்னென்ன நகல் கொடுத்து வாங்கினீர்கள்?