தையல் பயிற்சி மையம்: இயந்திரம் வாங்கிய பிறகு கற்றவை

காங்கேயம் அருகிலிருந்து

எங்கள் ஊர் மகளிர் குழுக்கள் ஒன்றுகூடி 2016ஆம் ஆண்டில் சமுதாயக் கூடத்தில் தையல் பயிற்சி மையம் தொடங்கியபோது, நன்கொடையாகத் திரண்ட பணம் முழுவதையும் பத்துக் கால்மிதி இயந்திரங்கள் வாங்கவே செலவிட்டோம். ரவிக்கையும் சுடிதாரும் கற்றுக்கொடுத்து, மூன்று மாதம் முடிந்ததும் சான்றிதழும் வழங்கினோம். முதல் அணியில் ஏழு பேர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குச் சென்றார்கள். ஒரு வாரத்திற்குள் ஐவர் திரும்பிவிட்டார்கள். மற்ற இருவரையும் இயந்திரத்தில் அமர்த்தாமல், துணியை மடித்துக் கொடுக்கும் ‘கைமடி’ உதவி வேலைக்கு உட்கார வைத்திருந்தார்கள்.

காலின் வேகத்திற்கேற்ப ஓடும் இயந்திரத்தில் பழகியவர்களுக்கு, மிதியை லேசாக அழுத்தினாலே நிமிடத்துக்கு 4,000 தையல் வரை பாயும், மின்மோட்டாரில் ஓடும் பவர் மெஷின் அச்சத்தையே தந்திருக்கிறது. மேலும், அங்கே முழு ஆடையை ஒருவரே தைப்பதில்லை. துணி ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும் ஓவர்லாக் இயந்திரத்தில் அடிப்பவர் தோள்பட்டையையும் பக்கவாட்டையும் மட்டுமே நாள் முழுவதும் அடிப்பார், ஓர மடிப்பைத் தட்டையாகத் தைக்கும் பேட்லாக் (ஃபிளாட்லாக்) இயந்திரத்தில் அடிப்பவர் மடிப்பை மட்டும் பார்ப்பார். இழுத்தால் நீளும் பின்னல் துணியை இழுக்காமல் செலுத்தும் கைப்பக்குவத்தை, நீளாத ரவிக்கைத் துணியில் நாங்கள் எப்படிக் கற்றுக்கொடுத்திருக்க முடியும்?

அடுத்த ஆண்டு மிதி இயந்திரங்கள் சிலவற்றை விற்று, பழைய பவர் மெஷின் இரண்டும் ஓவர்லாக் ஒன்றும் வாங்கினோம். எப்போதும் முழு வேகத்தில் சுழலும் கிளட்ச் மோட்டாரைக் கழற்றிவிட்டு, வேகத்தைக் குறைத்து வைக்கக்கூடிய சர்வோ மோட்டாரைப் பொருத்தியதைத்தான் நாங்கள் செய்த உருப்படியான செலவு என்பேன். முதல் வாரம் நூலே கோக்காமல், காகிதத்தில் வரைந்த கோட்டின்மேல் ஊசியை ஓட்டச் சொன்னோம். நேர்கோடு, வளைவு, மூலை என எதிலும் துளைகள் கோட்டைவிட்டு விலகாமல் விழும்வரை துணியைக் கையில் கொடுக்கவில்லை. அதன்பின் பழகுவதற்குக் கம்பெனிகளிலிருந்து கிலோ கணக்கில் வாங்கிய கட்டிங் வேஸ்ட் (வெட்டியபின் மிஞ்சும் துணித்துண்டுகள்) போதுமானதாக இருந்தது. கற்றுக்கொடுக்க வந்தவர், இருபது ஆண்டுகள் ஓவர்லாக் அடித்து முதுகுவலியால் வேலையை விட்ட ஓர் அக்கா. அவரிடம் சான்றிதழ் எதுவும் இல்லை.

வடமாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து

பழகும் இயந்திரம் ஒன்று, வேலையிடத்து இயந்திரம் வேறு என்று காங்கேயம் சகோதரி சொன்னது, இருசக்கர வாகனப் பழுதுபார்ப்புப் பயிற்சியில் எங்களுக்கும் நேர்ந்தது. 2020 ஏப்ரலில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தபின், பெரும்பாலான புதிய வண்டிகளில் பெட்ரோலைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் போய், மின்னணுக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. எங்கள் மையத்துக்கு நன்கொடையாகக் கிடைத்த எஞ்சின்களோ அனைத்தும் கார்புரேட்டர் காலத்தவை. ஆகவே வகுப்பையே ஊர் மெக்கானிக் ஒருவரின் பட்டறைக்கு மாற்றினோம். தமிழ்நாடு அரசின் ஊரக வாழ்வாதாரத் திட்டமான வாழ்ந்து காட்டுவோம் திட்டத்தின் சமுதாயத் திறன் பள்ளிகளிலும் உள்ளூர்த் தொழில் வல்லுநரே பயிற்றுநராக இருந்தார் என்பது எங்களுக்குத் துணிவு தந்தது.

ஆனால் மெக்கானிக் அண்ணனுக்கு விளக்கிப் பேச வராது. சந்தேகம் கேட்டால் “கையைப் பாருடா” என்பார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன் ஒருவனை, அன்றன்று வந்த வண்டி, அதன் கோளாறு, கழற்றிய பாகம் ஆகியவற்றை மாலையில் நோட்டில் எழுதி மற்றவர்களுக்குப் படித்துக்காட்டச் செய்தோம். தவறாக எழுதியிருந்தால் அண்ணன் வேலையை நிறுத்திவிட்டுத் திருத்துவார். அந்தத் திருத்தங்களின்போதுதான் அவர் வாய் திறந்து பாடம் நடத்தினார். வண்டிக்காரர்கள் பையன்கள் கைவைப்பதை விரும்பாததால், முழுவதும் பிரித்துப் பூட்டிப் பழக, காயலாங்கடையில் ஒரு பழைய இன்ஜெக்‌ஷன் வண்டி வாங்கிப் போட்டிருக்கிறோம்.