அடர் அமிலமா, செறிந்த அமிலமா?

வணக்கம். நம் வேதியியல் சொற்பட்டியலில் concentrated acid என்பதற்கு 'அடர் அமிலம்' இருக்கிறது. மாற்றிவிடலாம் என்பது என் கருத்து. அடர்த்தி (ஒரு மி.லி.யின் நிறை) வேறு, செறிவு (கரைசலில் கரைந்திருக்கும் பொருளின் அளவு) வேறு. கந்தக அமிலத்தில் இரண்டும் சேர்ந்தே ஏறுவதால் யாருக்கும் உறுத்தவில்லை: 98 விழுக்காடு, மி.லி.க்கு 1.84 கிராம். ஆனால் 28 விழுக்காடு அம்மோனியாக் கரைசலின் அடர்த்தி 0.90தான். தண்ணீர் சேர்க்கச் சேர்க்க அது 1-ஐ நோக்கி ஏறும். அப்படியானால் 'அடர் அம்மோனியா' அடர்த்தி குறைந்தது என்றல்லவா எழுத வேண்டிவரும்?

ஆய்வகத்திலும் இடிக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலப் புட்டியில் 37 விழுக்காடு, அடர்த்தி 1.19 என்று இரண்டு எண்கள் இருக்கும். 1190 × 0.37 ÷ 36.5 (ஒரு மோலின் நிறை, கிராமில்), அதாவது ஏறத்தாழ 12 மோலார் (லிட்டருக்கு 12 மோல்). 1 மோலார் கரைசல் 1 லிட்டர் செய்ய 83 மி.லி. போதும். இரண்டும் ஒன்றுதானே என்று 1.19-ஐ விட்டுவிடுகிற மாணவர் 99 மி.லி. எடுப்பார், கரைசல் 1.2 மோலார் ஆகிவிடும். (அளந்த அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், மாற்றி அல்ல.)

என் பரிந்துரை: செறி அமிலம், நீர்த்த அமிலம்.

---

> செறி அமிலம்

'செறியமிலம்' என்று புணர்ந்தால் வாசிப்பில் தடுக்கும். இலங்கைப் பாடநூல்களில் 'செறிந்த', 'ஐதான' என்று ஏற்கெனவே புழங்குகிறது. 'செறிந்த' போதும். அங்கேயே வன்னமிலம் (நீரில் முழுதும் அயனிகளாகப் பிரிவது), மென்னமிலம் (சிறிதளவே பிரிவது) என்றும் உண்டு. 'வலிமை குறைந்த அமிலம்' என்று நீட்டுவதற்குப் பதில் அவற்றையே எடுத்துக்கொள்ளலாமே.

வலிமையைச் செறிவோடு குழப்புவதுதான் பெரிய தொல்லை. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக்கின் பிஎச் 1. அதே செறிவில் அசெட்டிக் அமிலத்துக்கு 2.9, நூற்றுக்கு ஒன்றரை மூலக்கூறுகூடப் பிரிவதில்லை. ஆனாலும் தரம்பார்த்தலில் (காரம் சேர்த்து அமிலத்தின் அளவைக் காண்பதில்) இரண்டுக்கும் ஒரே அளவு சோடியம் ஹைட்ராக்சைடுதான் செலவாகும். நிறங்காட்டிதான் மாறும்: அசெட்டிக்குக்கு மெத்தில் ஆரஞ்சு போட்டால் முடிவுநிலைக்கு வெகு முன்பே மஞ்சளாகிவிடும், பினாப்தலீன்தான் சரி.

---

> மென்னமிலம்

இதற்கு மட்டும் ஒப்பமாட்டேன். ஹைட்ரோபுளோரிக் அமிலம் உங்கள் கணக்கில் மென்னமிலம். கண்ணாடியை அரிக்கும், தோலுக்குள் இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். புட்டியில் 'மென்' என்று ஒட்டிவிட்டால் யார் கையுறை போடுவார்? தவிர, 1963-இல் வேதியியலாளர் பியர்சன் வகுத்த, இந்த வலிமையைக் குறிக்காத கடின–மென் அமிலப் பாகுபாட்டில் வெள்ளி அயனி மென் அமிலம். அந்த இடத்துக்கு 'மென்' வேண்டும்.

நடப்பதையே சொல்லும் பெயராக முழுப்பிரிகை அமிலம், குறைப்பிரிகை அமிலம் என்று வைக்கலாமா? பிரிகை வீதம் பாடத்தில் இருப்பதுதான்.

---

அமிலத்துக்கு அழகாகப் பொருந்துகிறது, கந்தக அமிலத்தின் இரண்டாம் புரோட்டானுக்கு (அது முழுதும் பிரிவதில்லை) ஓர் அடிக்குறிப்பு போட்டால். ஆனால் காரத்துக்கு வரும்போது அம்மோனியாவை என்ன செய்வது? அது பிரிவதே இல்லை; நீரிடமிருந்து புரோட்டானை வாங்கித்தான் ஹைட்ராக்சைடை உண்டாக்குகிறது. 'குறைப்பிரிகைக் காரம்' என்றால் பொய்யாகிவிடும்.

வலுவமிலம், வலுக்குறை அமிலம். வலுக்காரம், வலுக்குறை காரம். இரண்டு பக்கமும் நிற்கும், நீளமும் இல்லை. செறிவுக்குச் 'செறிந்த', 'நீர்த்த'. 'ஐதான' என்பதை இலங்கை வழக்கு என்று பக்கத்தில் குறித்துவிடலாம். மறுப்பு இருந்தால் எடுத்துக்காட்டுடன் எழுதுங்கள். பட்டியலில் 'அடர்' வரும் மற்றப் பதிவுகளையும் பார்க்க வேண்டும்.