பழைய போட் வெளுத்துப் போச்சு, பெயிண்டும் நிக்கல. உதவி பண்ணுங்க

கடலோரப்பையன்:
அண்ணன்மாரே, அப்பாவோட பழைய போட். கை வச்சா வெள்ளையா மாவு மாதிரி ஒட்டுது. போன மாசம் பெயிண்ட் அடிச்சேன், அதுவும் செதில் செதிலா உரியுது. கையில 6,000 ரூபாதான் இருக்கு. என்ன செய்யணும்? அவசரம்.

வலைக்காரன்:
மரமா, பைபரா? எத்தனை அடி? என்ன பெயிண்ட்?

முட்டம்கரை:
அடிக்கதுக்கு முன்னால தேய்ச்சியா மக்கா? போட்டோ போடு.

அயனிவள்ளம்:
முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவுங்க. எங்க தாத்தா வள்ளத்துக்கு வருஷந்தோறும் அதுதான். பலகை கருகருன்னு நிக்கும்.

மெரைன்மூத்தவன்:
இதே கேள்விக்கு எத்தனை தடவை பதில் எழுதியாச்சு. பழைய பதிவுகளைப் படிச்சிட்டு வந்து கேக்கணும். பெயிண்ட் ரிமூவர் ஊத்தி மொத்தத்தையும் எடு. எபாக்சி பிரைமர், அதுக்கு மேல ரெண்டு டப்பா கலக்குற பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட். 6,000 ரூபாய்க்கு ஆசைப்படுற வேலை இல்ல இது.

கடலோரப்பையன்:
பைபர்தான். 24 அடி, அவுட்போர்டு எஞ்சின். வீட்டு கேட்டுக்கு வாங்கின இனாமல் மிச்சம் இருந்துச்சு. துணியால துடைச்சிட்டு அடிச்சேன்.

ரெசின்கை:
ரிமூவர் ஊத்தாதே தம்பி. அது பெயிண்டோட சேர்த்து ஜெல்கோட்டையும், அதாவது பைபர் மேல இருக்கிற நிறப் பூச்சையும், இளக்கிடும். ஜெல்கோட்டே அரை மில்லிமீட்டர் கனம்தான். அந்த மாவு வெயில்ல செத்த மேல்தோல். அதுமேல அடிச்சதாலதான் இனாமல் பிடிக்கல.

முதல்ல ஒரு சோதனை. பெயிண்ட் உரிஞ்ச இடத்துல தண்ணி தெளி. நனைஞ்சதும் பழைய நிறம் அழுத்தமா தெரிஞ்சா ஜெல்கோட் உயிரோட இருக்கு, பெயிண்டே வேண்டாம். நார் நாரா உள்ள இருக்கிற பைபர் பாய் தெரிஞ்சா அந்த இடத்துல அது போயாச்சு.

நிறம் தெரிஞ்சா, பிளாஸ்டிக் சுரண்டியால இனாமலை எடு. சோப்புத் தண்ணியில கழுவு. 800, 1000, 1500னு நம்பர் போட்ட வாட்டர் பேப்பரை (தண்ணியில தேய்க்கிற உப்புத்தாள்) வரிசையா தண்ணி விட்டுத் தேய். அப்புறம் காருக்குப் போடுற ரப்பிங் காம்பவுண்ட், கடைசியா மெழுகு. நிழல்ல செய், மூக்குல துணி கட்டிக்க. மெழுகை விட்டா சீக்கிரமே திரும்ப மாவு பூக்கும். மணல்ல இழுத்து அடி தேஞ்சிருந்தா அங்க மட்டும் ரெசினும் (இறுகுற பிசின்) பைபர் பாயும் வச்சு ஒட்டணும். ரெசினை இறுக வைக்கக் கலக்குற கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேரா ஒண்ணோட ஒண்ணு கலக்கிடாதே, தீப்பிடிக்கும். முதல்ல கோபால்ட்டை ரெசின்ல நல்லா கலக்கு, கேட்டலிஸ்ட் கடைசியில.

மெரைன்மூத்தவன்:
காம்பவுண்ட் போட்டு ஏமாத்துற வேலை. ஒரு வருஷம் தாங்காது.

ரெசின்கை:
வருஷத்துக்கு ரெண்டு தடவை மெழுகு போட்டா தாங்கும். என் கையால செஞ்ச வள்ளங்க ஓடுது.

வலைக்காரன்:
மீன்பிடித் தடைக்காலத்துல செய், போட் சும்மாதானே கிடக்கும்.

முட்டம்கரை:
எந்தத் தடை? சின்னமுட்டத்துல ஏப்ரல் 15 முதல் ஜூன் 14. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணத்துல ஜூன் 1 முதல் ஜூலை 31. ஒரே குமரி மாவட்டத்துல ரெண்டு கணக்கு. அதுவும் விசைப்படகுக்குத்தான். 24 அடி வள்ளத்துக்கு ஏது தடை?

வலைக்காரன்:
எங்க பக்கம் அந்த ரெண்டு மாசமும் அலையைப் பாத்து வள்ளமும் கரையிலதான் கிடக்கு.

முட்டம்கரை:
கிடந்தாலும் அது சாரல் மாசம். ஈரத்துல ரெசின் ஒழுங்கா இறுகாது. அதைச் சொல்லணும்லா.

அயனிவள்ளம்:
மரமா இருந்தா இந்தப் பாடே இல்ல. அயனிப் பலகைக்கு ஈடு உண்டா?

ரெசின்கை:
அயனி நல்ல மரம்தான் அண்ணாச்சி, இல்லேங்கல. ஆனா பைபருக்குள்ள எண்ணெய் இறங்காது. மேல நின்னு பிசுபிசுத்து மண்ணைப் பிடிக்கும். பின்னால ரெசினும் ஒட்டாது. தம்பி, தண்ணி தெளிச்சியா?

(நாலு நாள் கழிச்சு)

கடலோரப்பையன்:
மன்னிக்கணும், கடலுக்குப் போயிட்டேன். தெளிச்சேன், நீலம் தெரிஞ்சுது. வலப்பக்கம் மூணடி மட்டும் தேய்ச்சு முடிச்சேன். இனாமலுக்கு அடியில பாட்டி பேரு எழுதின பழைய எழுத்து பாதி இருக்கு. அதைத் தேய்க்காம விட்டிருக்கேன். அப்பா வந்து தடவிப் பாத்தாரு. எழுத்தை அழியாம எடுக்க வழி உண்டா?

ரெசின்கை:
எழுத்து மேல பேப்பர் வைக்காதே. நகத்தால இனாமலை மட்டும் மெதுவா உரி. அதுக்கு முன்னால போட்டோ எடுத்து வை.