நிலப்பெயரா, ஊர்வழிப் பெயரா? ஆங்கிலக் குடும்பப்பெயர்கள் குறித்து ஒரு கலைச்சொல் விவாதம்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

பெயராய்வுக்கான அறிமுகப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வரும் வெள்ளிக்கிழமை கோப்பு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஆங்கிலேயரின் குடும்பப்பெயர்களைத் தொழில், தந்தை பெயர், பட்டப்பெயர், இடம் என நான்காக வகுக்கும் இயலில் முதல் மூன்றுக்கும் சொல் அமைந்துவிட்டது, நான்காவதில் நிற்கிறேன். 'இடப்பெயர்' என்று எழுதினால் அது ஊரின் பெயரையே குறிக்கும். அவ்வூரின் பெயரைத் தம் பெயராகச் சுமப்பவரைக் குறிக்காது.

இவ்வகைக்குள் இரண்டு பிரிவுகள் உண்டு. லிங்கன், வாஷிங்டன், வின்ஸ்லோ போன்றவை குறிப்பிட்ட ஓர் ஊரிலிருந்து வந்தவை. ஹில், புரூக், உட் போன்றவை வீட்டருகே இருந்த குன்றாலும் ஓடையாலும் காட்டாலும் அமைந்தவை. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். இவற்றுள் முதல் பிரிவைச் சேர்ந்த பல பெயர்கள் மிகச் சிலரிடமே வழங்குவதால், அந்த நிலைக்கும் ஒரு சொல் தேவைப்படுகிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, புதிதாகப் படைப்பதற்கு இங்கே எதுவும் இல்லை. தொல்காப்பியப் பெயரியலில் 'நிலப்பெயர் குடிப்பெயர் குழுவின் பெயரே' என்று தொடங்கும் நூற்பா இருக்கிறது. அருவாளன், சோழியன் ஆகியவற்றை உரையாசிரியர்கள் நிலப்பெயருக்குச் சான்றாகக் காட்டுவர். நிலத்தால் பெயர்பெற்ற மனிதர் என்பதே அதன் பொருள். அதே நூற்பாவில் திணைநிலைப் பெயரும் வருகிறது. வெற்பன், சேர்ப்பன், ஊரன் என்று நிலக்கூற்றால் மனிதரை அழைத்த மொழி நம்முடையது. ஆகவே வாஷிங்டனை நிலப்பெயர் என்றும் ஹில்லைத் திணைநிலைப் பெயர் என்றும் எழுதிவிடலாம். 'குடும்பம்' என்னும் வடசொல்லையும் தவிர்த்துக் 'குடிப்பெயர்' என்றே ஆளுங்கள்.

இந்த இரண்டாம் பிரிவில் புணர்ச்சிக்கும் வேலை உண்டு. நாஷ் என்னும் பெயர் எப்படிப் பிறந்தது தெரியுமா? 'ஆஷ்' மரத்தடியில் இருப்பவரை இடைக்கால ஆங்கிலத்தில் 'அட்டென் ஆஷ்' என்று குறித்தார்கள். காலப்போக்கில் முன்னுருபு தேய்ந்தது. அதன் ஈற்று மெய் மட்டும் மரத்தோடு ஒட்டிக்கொண்டு நாஷ் ஆயிற்று. ஓக் மரத்தடியார் நோக்ஸ் ஆனதும் இப்படித்தான். சந்தியைத் தவறான இடத்தில் பிரித்ததால் பிறந்த குடிப்பெயர்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

மொழியியல் விரிவுரையாளர் எழுதியது:

ஐயாவின் நூற்பாவில் எனக்கு மறுப்பில்லை. அதைப் பொருத்தும் இடத்தில்தான் மறுப்பு. சோழியன் என்பது ஒருவரைப் பற்றிய விளக்கம். அவர் சோழநாட்டோடு கொண்டுள்ள தொடர்பை அந்தச் சொல் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலக் குடும்பப்பெயரோ ஊரோடு தொடர்பு அற்றுப்போன பிறகும் பேரன் பேத்திகளுக்கு இறங்கும் பெயர். கோவூர் கிழாரின் மகன் வேறூரில் வாழ்ந்தாலும் கோவூர் கிழார் என்றே அழைக்கப்படுவார் என்று சங்கப் பாடலின் எந்தக் கொளுவும் (அடிக்குறிப்பும்) சொல்லவில்லையே!

வாஷிங்டன் பெயரின் வரலாற்றைப் பாருங்கள். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஹார்ட்பர்ன் என்னும் இடத்தின் பெயரைக் கொண்டிருந்த வில்லியம் என்பவர் அன்றைய டரம் வட்டாரத்திலிருந்த வாஷிங்டன் பண்ணையைப் பெற்றார். உடனே அவர் பெயரும் அவ்வூர்ப் பெயராக மாறிற்று. அதுவரை ஐயா சொல்லும் நிலப்பெயர் சரியாகப் பொருந்துகிறது, ஏனெனில் நிலம் மாறியதும் பெயர் மாறியது. அவருடைய வழியினர் பின்னாளில் நார்தாம்டன்ஷயரின் சல்கிரேவில் குடியேறியபோது 'சல்கிரேவ்' ஆகவில்லை. வாஷிங்டன்களாகவே இருந்தார்கள், அப்படியே 17ஆம் நூற்றாண்டில் வர்ஜீனியாவுக்கும் போனார்கள். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு நிலவுடைமையாளரிடம் தொடங்கிய இந்தப் பழக்கம் 1400ஐ ஒட்டிப் பெரும்பாலான ஆங்கிலக் குடும்பங்களில் நிலைபெற்றுவிட்டது. பெயர் நிலத்தை விட்டுக் குடும்பத்தோடு ஒட்டிய அந்தத் திருப்பத்தைத்தான் நம் கலைச்சொல் காட்ட வேண்டும்.

இன்னொன்று. எளியவர்களிடையே ஊரைச் சொல்லி அழைக்கும் தேவை பெரும்பாலும் ஊரைவிட்டு வெளியேறியவருக்குத்தான் எழுந்தது. ராம்ஸ்பாட்டம் என்னும் ஊரிலேயே இருப்பவரை ராம்ஸ்பாட்டத்தார் என்று சொல்லி யாரிடமிருந்து பிரித்துக் காட்டுவது? பக்கத்து ஊரில் குடியேறியதும் அப்பெயர் பயன்படுகிறது. ஆகவே இது ஊரில் 'இருப்பவர்' பெயரன்று, ஊர் 'வழி' வந்தவர் பெயர். 'ஊர்வழிக் குடும்பப்பெயர்' என்றால் பதினோராம் வகுப்பு மாணவருக்கும் விளங்கும். 'நிலப்பெயர்' என்றால் அவர் பட்டா, சிட்டாவைத்தான் நினைப்பார்.

தமிழாசிரியர்:

பட்டாவை நினைப்பவருக்குப் பாடம் நடத்தத்தானே ஆசிரியர் இருக்கிறார்? மாணவருக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்லாக்குவதென்றால் கலைச்சொல்லே வேண்டியதில்லை. 'குடும்பம்' பற்றி நான் எழுதியதற்கும் இன்னும் மறுமொழி வரவில்லை.

மொழியியல் விரிவுரையாளர்:

அந்த வடசொல்லே 'குடி' என்னும் திராவிட வேரிலிருந்து போனதாகக் கருதுவோரும் உள்ளனர். நம் வீட்டுப் பாத்திரம் பக்கத்து வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தால் தீட்டா, ஐயா? இன்றைய பொது வழக்கிலும் 'குடும்பப்பெயர்' வழங்குகிறது. 'குடிப்பெயர்' என்று எழுதினால் தமிழ்நாட்டு வாசகர் அதைச் சாதிப்பெயராகவே படிக்கும் இடர் உண்டு.

தேனியிலிருந்து ஒரு பொறியாளர் எழுதியது:

பேச்சு எங்கோ போனாலும் எங்கள் ஊர்ப்பக்கத்துச் சான்று ஒன்றைத் தராமல் இருக்க முடியவில்லை. 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஜான் பென்னிகுயிக்கின் பெயரைக் கம்பம் பள்ளத்தாக்கில் அறியாதவர் இல்லை. அந்தப் பெயர் எடின்பரோவுக்குத் தெற்கே உள்ள பெனிகுயிக் என்னும் ஊரிலிருந்து வந்தது. அவ்வூர்ப் பெயருக்குக் குயிலின் குன்று என்று பொருள் சொல்கிறார்கள். குயிக், குயில்: இந்த ஒற்றுமையைப் பெரியோர் ஆராய வேண்டும்.

தமிழாசிரியர்:

ஆராய்ந்தேன். பழைய பிரித்தானிய மொழியில் 'பென்' என்றால் தலை, மலையுச்சி. 'கோக்' என்பது குயில். நம் 'குக்கில்', 'குயில்' இரண்டையும் அருகே வைத்துப் பாருங்கள். கூவும் பறவைக்கு ககர முதல் தந்த மொழிகளைத் தொகுத்தால்…

மட்டுறுத்துநர்:

ஐயா, மன்னிக்கவும். அப்பறவை உலகின் பல மொழிகளில் தன் பெயரைத் தானே கூவிச் சொல்கிறது. ஒலிக்குறிப்புச் சொல்லில் உறவு தேட இயலாது. மேலும் பெனிகுயிக் இருப்பது ஸ்காட்லாந்தில். தலைப்போ ஆங்கிலக் குடும்பப்பெயர். தமிழோடு தொட்ட ஆங்கிலப் பெயர்தான் வேண்டுமென்றால் 1862இல் வெளிவந்த தமிழ் அகராதியின் வின்ஸ்லோ இருக்கிறார். அவர் அமெரிக்கர் என்றாலும் பெயர் பக்கிங்காம்ஷயரின் வின்ஸ்லோ ஊருடையது. 'வினெ' என்பவருடைய மேடு என்பது அதன் பொருள். போப்பையர் பெயரோ பட்டப்பெயர் வகை. வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

மொழிபெயர்ப்பாளர்:

நன்றி. 'ஊர்வழி' பக்கம் சாய்கிறேன். அருமை பற்றிய சொல் இன்னும் நிற்கிறது. 'அரிய குடும்பப்பெயர்' என்றால் மதிப்புமிக்கது என்ற பொருள் ஏறிவிடுகிறது. 'அருகிய பெயர்' சரியாகுமா?

புள்ளியியல் படித்த உறுப்பினர் எழுதியது:

'அருகிய' என்றால் முன்பு மிகுதியாக இருந்து இப்போது குறைந்தது என்று தொனிக்கும். ஊர்வழிப் பெயர்களில் இரண்டு நிலைகளும் உள்ளன. ஸ்மித் என்னும் கொல்லர் பெயர் நூற்றுக்கணக்கான ஊர்களில் தனித்தனியே பிறந்தது. சிற்றூர்ப் பெயரோ ஒரே ஒரு குடும்பத்தில் தொடங்கியிருக்கலாம். பிறப்பிலேயே சிறுபான்மை. 2009இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜாப்ளிங் இருவரும் தந்தைவழி மரபணுவைக் கொண்டு 40 பிரிட்டானியக் குடும்பப்பெயர்களை ஆராய்ந்தார்கள். ஸ்மித் என்ற பெயருடைய ஆண்களிடையே பொது மூதாதை தென்படவில்லை. நாட்டிங்காம்ஷயர் ஊர்ப் பெயரான அட்டன்பரோவைச் சுமந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே தந்தைவழிக் கிளையினர்.

தொடங்கிய பிறகு அழிவதும் உண்டு. மகன் இல்லாத தலைமுறை ஒன்று வந்தால் பெயர் அந்தக் கிளையில் நின்றுவிடும். இதைக் கணக்காக்கி 1874இல் எழுதியவர்கள் கால்டனும் வாட்சனும். அவர்களுள் கால்டன் டார்செட்டின் ஓர் ஊர்ப் பெயர், வாட்சன் 'வாட்டின் மகன்'. நம் பாடத்தின் நான்கு வகைகளில் இரண்டு ஒரே கட்டுரையின் ஆசிரியர் பெயர்களில் நிற்கின்றன! ஆகவே பிறப்பிலேயே சிலரிடம் இருப்பதைச் 'சிறுவழக்குப் பெயர்' என்றும், தேய்ந்ததை 'அருகிய பெயர்' என்றும் பிரிக்கலாம்.

தமிழாசிரியர்:

இலக்கண நூலார் 'அருகிய வழக்கு' என்பதை இரண்டு பொருளிலும் ஆண்டிருக்கிறார்கள். பிரிக்கத் தேவையில்லை.

மொழியியல் விரிவுரையாளர்:

பாடநூலுக்குத் தேவை உண்டு. ஷஃபல்பாட்டம் என்பதைக் கேட்டுச் சிரிப்பவர்கள், அது லங்காஷயரின் ஷிப்பர்பாட்டம் என்னும் இடத்திலிருந்து வந்தது என்பதை அறியமாட்டார்கள். அங்கே 'பாட்டம்' என்பது பள்ளத்தாக்கின் அடி. முழுப்பெயரும் ஆடு கழுவும் ஓடை ஓடிய பள்ளத்தைக் குறிப்பது. அந்த இடம் சிறியது, பெயரும் முதலிலிருந்தே சிலருடையது. 'அருகியது' என்றால் எதிலிருந்து அருகியது என்று மாணவர் கேட்பார்.

மட்டுறுத்துநர்:

இதுவரை கருத்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர் 'ஊர்வழிக் குடும்பப்பெயர்', ஹில், புரூக் வகைக்கு 'நிலக்கூற்றுவழிக் குடும்பப்பெயர்' என்ற இணையை ஏற்கிறார்கள். இரண்டாவது நீளம் என்று மூவர் முணுமுணுத்தாலும் வேறொன்றும் தரவில்லை. அருமைக்குச் 'சிறுவழக்கு', 'அருகிய' இரண்டும் இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர்:

அப்படியே கோப்பில் ஏற்றிவிட்டேன். நிலப்பெயரை அடிக்குறிப்பில் தொல்காப்பிய நூற்பாவோடு சேர்த்திருக்கிறேன், ஐயா.

தமிழாசிரியர்:

அடிக்குறிப்பு யாருக்கு வேண்டும் அம்மா? 'ஊர்வழி' என்பதைப் பேருந்து வழித்தடம் என்று படிக்கப் போகிறார்கள். இரண்டாம் பதிப்பு வரும்போது இந்த மடலை எடுத்துப் பாருங்கள். அதுவரை என் வகுப்பில் வாஷிங்டன் நிலப்பெயர்தான்.