2 ஸ்ட்ரோக் டிரையல்ஸ் வண்டில இருந்து 4 ஸ்ட்ரோக்குக்கு மாறலாமா? ரெண்டும் ஓட்டினவங்க சொல்லுங்க

மண்புழு:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாளா மண்டைய குடையுற விஷயம், இங்க கேட்டா ஒரு தெளிவு வரும்னு எழுதுறேன். நான் வெச்சிருக்கிறது 250 சிசி 2 ஸ்ட்ரோக் டிரையல்ஸ் (கால கீழ ஊனாம பாறை, ஓடைன்னு தாண்டுற போட்டி) வண்டி. நல்ல வண்டிதான், பெருசா குறை சொல்ல ஒண்ணுமில்ல. போட்டின்னா கிளப் லெவல்ல நடுத்தர லைன், மத்தபடி ஃப்ரெண்ட்ஸோட ஓடை, பாறைன்னு சுத்துறதுதான். இப்ப தெரிஞ்சவர் ஒருத்தர் எலக்ட்ரிக்குக்கு மாறுறாரு, அவரோட 4 ஸ்ட்ரோக் வண்டி மோன்டெஸா கோட்டா 4ஆர்டி 260 கைக்கு வர்ற மாதிரி இருக்கு.

எனக்கு ரெண்டு இடத்துல எப்பவும் மாட்டும். ஒண்ணு, ஈரமான செங்குத்து இறக்கம். த்ராட்டில் முழுசா மூடியும் வண்டி பாட்டுக்கு உருண்டு போயிட்டே இருக்கு, பிரேக்க கொஞ்சம் கூட புடிச்சா முன் வீல் சறுக்குது. இன்னொண்ணு, வழுக்குப் பாறைல ஏறும்போது பின் வீல் பட்டுனு சுத்திடுது. 4 ஸ்ட்ரோக்ல இது ரெண்டும் தானா சரியாயிடும்னு ஒரு கோஷ்டி சொல்லுது, வெயிட்டு, கிக் அடிச்சே முட்டி போயிடும், செலவு இழுக்கும்னு இன்னொரு கோஷ்டி. பல தடவை உலக சாம்பியன் ஆன டோனி போவ் அதைத்தான் ஓட்டுறாருன்னு மட்டும் யாரும் வந்து சொல்லிடாதீங்க, அவரு சைக்கிள்ல போனாலும் நம்மள ஜெயிச்சிடுவாரு.

பாறைப்பல்லி:

ப்ரோ, நான் ரொம்ப நாள் 2 ஸ்ட்ரோக் ஓட்டிட்டு 4ஆர்டிக்கு வந்தவன், இன்னும் அதுதான் ஓட்டுறேன். முதல்ல உங்க இறக்கம் விஷயம். அது நிஜம். ஃபர்ஸ்ட் கியர்ல கிளட்ச்ச தொடாம விட்டு த்ராட்டில மூடினீங்கன்னா மூக்கணாங்கயிறப் புடிச்சு இழுத்த மாதிரி வண்டி அடங்கும். முன் பிரேக்க ஒரு விரல்ல லேசா தடவினா போதும். 2 ஸ்ட்ரோக்ல இந்த எஞ்சின் பிரேக்கிங் இருக்கு ஆனா ரொம்ப கம்மி, அதனால நம்ம முழுக்க பிரேக்க நம்பித்தான் இறங்குறோம்.

ஆனா இதுல ஒரு வில்லங்கம் இருக்கு, அதை விக்கிறவன் எவனும் சொல்ல மாட்டான். இறக்கம் லூஸ் மண்ணா, சருகு கிடக்கிற இடமா இருந்தா அதே எஞ்சின் பிரேக்கிங் பின் வீல புடிச்சு நிறுத்திடும், வீல் நின்னா எஞ்சினும் பொட்டுனு ஆஃப். ஆஃப் ஆகி கால ஊனினீங்கன்னா நேரா 5 பெனால்டி பாயின்ட். அதனால ஐட்லிங்க கொஞ்சம் தூக்கி வெச்சு, இடத்தைப் பாத்து கிளட்ச்ச பாதி புடிச்சுட்டே இறங்கப் பழகணும். அந்தப் பழக்கம் வர்ற வரைக்கும் நீங்க திட்டிட்டேதான் இருப்பீங்க, நானும் திட்டினேன்.

ஏத்தம் வேற கதை. இடுப்பு உயரப் படி ஒண்ணு எதிர்ல இருக்குன்னு வெச்சுக்கோங்க. 2 ஸ்ட்ரோக்ல படிக்கு முன்னாடி ஒரு சின்ன பிளிப் (த்ராட்டில ஒரு சொடுக்கு), கிளட்ச்ச விட்டா முன் வீல் எந்திரிச்சு படி விளிம்புல உக்காந்துடும், கடைசி நொடில முடிவு மாத்தினாலும் எஞ்சின் கூட வரும். 4 ஸ்ட்ரோக்ல அந்த பிளிப் கொஞ்சம் முன்னாடியே கொடுக்கணும், ரெவ்வ ஏத்தி கிளட்ச்ச புடிச்சு வெச்சிருந்து அப்புறம் விடணும். கைல டைமிங் மாறும். பின் வீல்ல நின்னு குதிக்கிற ஆட்டம், ஒரு பாறைல இருந்து அடுத்த பாறைக்கு தாவுறது இதெல்லாம் உங்க ஸ்டைலா இருந்தா 2 ஸ்ட்ரோக்க விடாதீங்க. ஓடை, வேர், நீளமான ஏத்தம், உருட்டி உருட்டி போறதுன்னா 4 ஸ்ட்ரோக் சுகம்.

பழைய_இரும்பு:

தம்பி, இந்த சண்டை உங்க காலத்துல ஆரம்பிச்சது இல்ல. ஒரு காலத்துல டிரையல்ஸ்னாலே பெரிய சிங்கிள் சிலிண்டர் 4 ஸ்ட்ரோக்தான். சாமி மில்லர் 500 சிசி ஏரியல் வெச்சுதான் எல்லாரையும் ஓட விட்டாரு. அவரே அதை விட்டுட்டு ஸ்பெயின் கம்பெனி புல்டாக்கோவோட சேந்து ஷெர்பான்னு எடை கம்மியா 2 ஸ்ட்ரோக் வண்டி பண்ணி 1965ல ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ்ங்கிற ஆறு நாள் போட்டிய ஜெயிச்சாரு, அப்புறம் பழைய 4 ஸ்ட்ரோக் கூட்டம் மெல்ல கரைஞ்சு போச்சு. சரி முடிஞ்சதுன்னு பாத்தா எடி லெஜூன் ஹோண்டா 4 ஸ்ட்ரோக்ல 1982, 83, 84 மூணு வருஷமும் உலக சாம்பியன். அதுக்கப்புறம் மறுபடி 2 ஸ்ட்ரோக் ராஜ்ஜியம், ஃபுஜினாமி 2004ல பட்டம் வாங்கினது கூட மோன்டெஸாவோட 2 ஸ்ட்ரோக் 315லதான்.

2005ல 4ஆர்டி வந்தப்ப இனிமே இதுதான்னு எல்லாரும் பேசினாங்க, ஆனா அந்த வருஷமும் அடுத்த வருஷமும் அவுட்டோர் பட்டத்தை ஆடம் ராகா கேஸ்கேஸ் 2 ஸ்ட்ரோக்ல தூக்கிட்டுப் போனாரு. 2007ல இருந்துதான் போவ். நீங்க சொல்லாதீங்கன்னு சொன்னீங்க, ஆனாலும் சொல்றேன், 2024 வரைக்கும் ஒரு வருஷம் விடாம அவுட்டோர், இண்டோர் ரெண்டையும் 4 ஸ்ட்ரோக்ல எடுத்திருக்காரு. அத்தனை வருஷமும் அவருக்குப் பின்னாடி நின்னவங்க முக்கால்வாசி பேர் 2 ஸ்ட்ரோக்தான். இதை வெச்சு எந்த எஞ்சின் ஒசத்தின்னு எப்படி முடிவு பண்ணுவீங்க? ஷெர்கோ, ஸ்கோர்பா மாதிரி கம்பெனிங்க 4 ஸ்ட்ரோக் போட்டுப் பாத்து நிறுத்திட்டாங்க, அதையும் யோசிங்க. வாங்குற வண்டிக்கு பார்ட்ஸ் வரணும்ல. அந்த வகைல மோன்டெஸா பரவால்ல, பின்னாடி ஹோண்டா இருக்கு.

கிக்கர்காரன்:

மெயின்டனன்ஸ் பத்தி ஆளாளுக்கு கதை விடுறாங்க, நான் ரெண்டு வகையும் கழட்டி மாட்டுறவன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

2 ஸ்ட்ரோக்ல பிஸ்டன் ரிங் மாத்துறது வீட்டு ஷெட்ல ஒரு மதியத்துல முடியுற வேலை. ஹெட், சிலிண்டர் கழட்டு, பிஸ்டன் பின் கிளிப் எடுக்கும்போது கிரேங்க் வாய்ல துணி அடைச்சுக்கோ, முடிஞ்சுது. 4 ஸ்ட்ரோக்ல மேல கை வெச்சா டைமிங் செயின், கேம், வால்வ்னு பெரிய வேலை, செலவும் அதிகம். இது வரைக்கும் ஊர்ல சொல்றது சரி. ஆனா டிரையல்ஸ்ல நம்ம எஞ்சின அலற விடுறதே இல்லையே, மோட்டோகிராஸ் மாதிரி முழு ரெவ்ல கிழிக்கிறது கிடையாது, அதனால ஆயில ஒழுங்கா மாத்தி ஏர் ஃபில்டர சுத்தமா வெச்சுக்கிட்டா அந்த பெரிய வேலை வர்றதுக்கு ரொம்ப காலம் ஆகும். வால்வ் கேப் மட்டும் மேனுவல்ல சொன்னபடி செக் பண்ணிட்டே இருங்க. இன்டேக் பக்கம் கேப் குறைஞ்சுட்டே வருதுன்னா வால்வ் உள்ள இறங்குதுன்னு அர்த்தம், ஷிம் (கேப்ப சரி பண்ற குட்டித் தகடு) மாத்தி மாத்தி ஓட்டுறதுக்கும் ஒரு அளவு இருக்கு.

4ஆர்டில எஞ்சின் ஆயில் தனி, கியர்பாக்ஸ் ஆயில் தனி. ரெண்டுமே கொஞ்சூண்டுதான் புடிக்கும், அதனால சீக்கிரம் கெட்டுடும், அடிக்கடி மாத்தணும். ரோடு வண்டி நெனப்புல சீசனுக்கு ஒரு தடவைன்னு விட்டீங்கன்னா அம்போதான். 2 ஸ்ட்ரோக்ல கியர்பாக்ஸ் ஆயில் மட்டும், ஆனா ஒவ்வொரு தடவையும் பெட்ரோல்ல 2டி ஆயில் கலக்கணும். பல பேர் பயத்துல கூட ஊத்துறாங்க, அது தப்பு. நல்ல சிந்தடிக் ஆயில்னா 80க்கு 1 போதும், உங்க மேனுவல் என்ன சொல்லுதோ அதையும் பாத்துக்கோங்க. அதிகமா ஊத்தினா ரொம்ப நேரம் ஐட்லிங்ல நின்னதுக்கப்புறம் எஞ்சின் அடைச்ச மாதிரி முக்கும், செக்ஷனுக்குள்ள (போட்டில குறிச்சு வெச்ச தடைப் பகுதி) போறதுக்கு முன்னாடி ரெண்டு முறுக்கு முறுக்கி புகைய வெளிய தள்ளிட்டுத்தான் போகணும்.

கிக் விஷயம், 4ஆர்டில பேட்டரியே கிடையாது. நீங்க கிக் அடிக்கிற அந்த ஒரு சுத்துல வர்ற கரண்ட்தான் பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், ஸ்பார்க் எல்லாத்துக்கும். அதனால 2 ஸ்ட்ரோக்ல அடிக்கிற மாதிரி அரை கிக், கால் கிக்கெல்லாம் செல்லாது. கிக்கர மெதுவா அழுத்தி கம்ப்ரஷன் இடிக்கிற இடத்தைக் கண்டுபுடிச்சு, அதைத் தாண்டி, மேல கொண்டுவந்து, மொத்த வெயிட்டும் போட்டு கடைசி வரைக்கும் ஒரே மிதி. த்ராட்டில் தொடவே கூடாது. இந்த த்ராட்டில் தொடுற பழக்கம்தான் 2 ஸ்ட்ரோக்ல இருந்து வர்ற எல்லாருக்கும் எமன். ரொம்ப நாள் சும்மா நிக்க விட்டா லைன்ல பெட்ரோல் இறங்கிடும், முதல் நாள் சில கிக் சும்மா போகும், அது நார்மல்.

மண்புழு:

அண்ணே, இதுதான் நான் எதிர்பாத்த பதில், நன்றி. பழைய இரும்பு அண்ணனுக்கும். பல்லி ப்ரோ, நான் குதிக்கிற ஆளெல்லாம் இல்ல, உருட்டுற ஆளுதான். அப்ப அந்த கிரிப் மேட்டர்? 4 ஸ்ட்ரோக்ல ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் பவர் அடிக்குது, நடுவுல டயருக்கு பாறைய புடிச்சுக்க நேரம் கிடைக்குதுன்னு சொல்றாங்களே, அது உண்மையா?

மெதுவா_போ:

கணக்கு சரி, 2 ஸ்ட்ரோக்ல ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு அடி, 4 ஸ்ட்ரோக்ல ரெண்டு சுத்துக்கு ஒண்ணு. ஆனா உங்க பின் வீல் சுத்துறதுக்கு அதைக் காரணம் சொல்றத நான் ஏத்துக்க மாட்டேன். 2 ஸ்ட்ரோக்ல ரெவ் சட்டுனு ஏறுது. உங்க மணிக்கட்டு ஒரு மில்லிமீட்டர் நடுங்கினா அது அப்படியே டயருக்குப் போகுது. 4 ஸ்ட்ரோக்ல அதே நடுக்கத்தை எஞ்சின் முழுங்கிடுது. டயருக்கு ஏதோ மூச்சு விட நேரம் கிடைக்குதுங்கிறதெல்லாம் கேக்க நல்லாருக்கு, ஈரப் பாறைல நம்மள காப்பாத்துறது அந்த மந்தம்தான்.

அந்த மந்தத்தை 2 ஸ்ட்ரோக்லயே கொண்டு வரலாம். ஸ்லோ த்ராட்டில் டியூப் போடுங்க, கைப்புடி கூட திருகினாத்தான் அதே அளவு திறக்கும். ஃபிளைவீல் வெயிட் சேத்துப் பாருங்க. மேப் சுவிட்ச் (எஞ்சின் பவர் வர்ற விதத்தை மாத்துறது) இருந்தா மழை மேப்ல வைங்க. சில வண்டில ஹெட் இன்செர்ட் மாத்தி கம்ப்ரஷன் குறைக்க முடியும். ஒரு கியர் மேல போட்டு ஏறிப் பாருங்க, ஃபர்ஸ்ட்ல சுத்துற டயர் செகண்ட்ல கடிக்கும். எல்லாத்துக்கும் முன்னாடி டயர் பிரஷர், பின்னாடி 4 பவுண்டுல இருக்கா? பெட்ரோல் பங்க் கேஜெல்லாம் இந்த அளவுல எதுவும் சொல்லாது, லோ பிரஷர் கேஜ் தனியா வாங்கணும். 6, 7ன்னு வெச்சுக்கிட்டு எஞ்சின குத்தம் சொல்றவங்கள நிறைய பாத்துட்டேன். இதெல்லாம் பண்ணிப் பாத்துட்டு அப்புறம் வண்டி மாத்துங்க.

பாறைப்பல்லி:

மெதுவா போ சொல்றதுல பாதி ஒத்துக்கிறேன். ஆனா எத்தனை வெயிட் சேத்தாலும் 2 ஸ்ட்ரோக்குக்கு அந்த எஞ்சின் பிரேக்கிங் வராதுங்க, அவருக்கு முதல் பிரச்சனையே இறக்கம்தானே. ஃபிளைவீல் வெயிட் போட்டா இறக்கத்துல இன்னும் உருளத்தான் செய்யும்.

மெதுவா_போ:

அது கரெக்ட், இறக்கத்துக்கு நான் சொன்னது எதுவும் உதவாது. அங்க ரெண்டு பிரேக்கையும் சேத்து புடிக்கிற பழக்கம் மட்டும்தான். நிறைய பேர் பயத்துல முன் பிரேக்க மட்டும் அமுக்கிட்டு உடம்ப முன்னாடியே வெச்சிருப்பாங்க, முன் வீல் சறுக்காம என்ன பண்ணும்.

பழைய_இரும்பு:

வெயிட்ட யாருமே பேசலையேப்பா. இப்ப வர்ற 2 ஸ்ட்ரோக் பலதும் 70 கிலோவுக்குக் கீழ, 4ஆர்டி அதுக்கு மேல. அஞ்சாறு கிலோதானேன்னு காகிதத்துல பாத்தா தோணும், ஓட்டும்போதும் பெருசா தெரியாது. சாயங்காலம் ஓடைக்குள்ள விழுந்த வண்டிய ரெண்டு பாறைக்கு நடுவுல இருந்து தூக்கும்போது தெரியும். என் வயசுக்கு அதுதான் முதல் கணக்கு.

மண்புழு:

பிரஷர் செக் பண்ணேன், சங்கடமா இருக்கு, நம்பர சொல்ல மாட்டேன். ரெண்டு பிரேக் விஷயத்தையும் இந்த வாரமே ட்ரை பண்றேன். ஆனாலும் அந்த 4ஆர்டிய ஒரு தடவை ஓட்டிப் பாக்காம மனசு ஆறாது, ஞாயித்துக்கிழமை வரச் சொல்லிருக்காரு. என்னென்ன பாக்கணும்னு சொல்லுங்க.

கிக்கர்காரன்:

ஓட்டப் போறப்ப உங்க 2 ஸ்ட்ரோக்கையும் எடுத்துட்டுப் போங்க, ஒரே இறக்கத்துல ரெண்டையும் மாத்தி மாத்தி இறக்குங்க, தனித்தனியா ஓட்டினா ஞாபகம் நம்மள ஏமாத்தும்.

வண்டில முதல்ல அடியில குனிஞ்சு பாஷ் பிளேட்ட (எஞ்சினுக்கு அடியில இருக்கிற காப்புத் தகடு) பாருங்க, பள்ளம் எஞ்சின் கேஸ் வரைக்கும் ஏறியிருந்தா யோசிக்கணும். பின் வீல ரெண்டு கையாலயும் தூக்கித் தூக்கி ஆட்டிப் பாருங்க, கொஞ்சம் லூஸா லொடக்குனு கேட்டா பின் சஸ்பென்ஷன் லிங்கேஜ் பேரிங் போயிருக்கு, தண்ணி அடிச்சு கழுவுறவங்க வண்டில இது ரொம்ப சகஜம், விலைல குறைச்சுக்கலாம். ரேடியேட்டர் ஃபேன் சூடானதும் ஓடுதான்னு நின்னு கவனிங்க, செக்ஷன்ல காத்தே படாது, ஃபேன் போனா எஞ்சினுக்கு ஆபத்து. எஞ்சின் ஆயில் கொஞ்சம் எடுத்துக் காட்டச் சொல்லுங்க, பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தா உள்ள தண்ணி போயிருக்கு, வந்த வழியே திரும்பிடுங்க. வால்வ் கேப் கடைசியா எப்ப பாத்தாங்க, ஷிம் மாத்துனாங்களான்னு கேளுங்க, பதில் மழுப்பலா இருந்தா நீங்களே செக் பண்ற செலவையும் விலைல கழிச்சுப் பேசுங்க.

முக்கியமா முன்னாடி நாளே ஃபோன் பண்ணி, நான் வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு சொல்லிடுங்க. போனதும் எஞ்சின் மேல கைய வெச்சுப் பாத்துட்டு, முதல் கிக்க நீங்களே அடிங்க. வால்வ் சீட் தேஞ்ச வண்டி சூட்டுல நல்லாவே நடிக்கும், ஜில்லுனு இருக்கும்போதுதான் மாட்டும்.